'பிங்க் மூன்' வந்தபோது விமர்சகர்கள் உண்மையில் என்ன எழுதினார்கள்?

கேள்வி இதுதான்: ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' ஆல்பத்தை இன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 1972இல் வந்தபோது அதை யாரும் சீண்டவில்லையாம். அன்றைய விமர்சகர்களுக்குக் காது இல்லையா? இல்லை, நாம்தான் அவர் இறந்த கதையைக் கேட்டுவிட்டு, பாட்டைக் கேட்டதாக நினைத்துக்கொள்கிறோமா?

இரண்டாவது சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கிறது. முதலாவது தவறு. அன்றைய விமர்சகர்கள் ஆல்பத்தைக் கேட்டார்கள், அதில் என்ன இருக்கிறது என்பதையும் சரியாகவே கண்டுபிடித்தார்கள். அதை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்பதில்தான் வித்தியாசம். அவர்கள் பற்று எழுதிய இடத்தில் அடுத்த தலைமுறை வரவு எழுதிக்கொண்டது.

தெரியாதவர்களுக்காக ஆளைப் பற்றி இரண்டு வார்த்தை. நிக் டிரேக் 1948இல் பிறந்தது ரங்கூனில். அப்பா ராட்னி, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் பொறியாளர். (நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் தேக்குமரக் கதைகளோடு அடிபடும் அதே ரங்கூன்தான்.) ஐம்பதுகளின் தொடக்கத்தில் குடும்பம் இங்கிலாந்து திரும்பி, டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில் வீடு வாங்கியது. பையன் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிக்கப் போய், படிப்பை முடிக்காமல் பாட வந்துவிட்டான். 1969இல் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்', 1971இல் 'பிரைட்டர் லேட்டர்'. இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஜோ பாய்ட். முதல் ஆல்பத்தில் ராபர்ட் கிர்பி எழுதிய வயலின் வரிசைகள் இருக்கும். இரண்டாவதில் டிரம்ஸ், சாக்ஸபோன், ஜான் கேல் வாசித்த செலஸ்டா (மணியொலி எழுப்பும் சின்னப் பியானோ மாதிரி) என்று கச்சேரியே நடக்கும். இரண்டும் அப்போது ஐயாயிரம் பிரதிகூடத் தாண்டவில்லை.

விற்காததற்கு முக்கியமான காரணம், இவர் மேடை ஏறமாட்டார் என்பது. 1970இல் யூவல் தொழில்நுட்பக் கல்லூரியில் பாடகர் ரால்ஃப் மெக்டெல்லின் கச்சேரிக்கு முன்னால் பாட ஏறியவர், ஒரு பாட்டின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் மேடைக் கச்சேரி என்பதே கிட்டத்தட்ட நின்றுபோனது. ஊர் ஊராகப் போய்ப் பாடினால்தான் இசைத்தட்டு விற்கும் என்றிருந்த காலத்தில் ஒரு பாடகர் இப்படி இருந்தால் கம்பெனி என்னதான் செய்யும்?

1971 அக்டோபரில் லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில், இரண்டு பின்னிரவுகளில், 'பிங்க் மூன்' பதிவானது. கூடத்தில் இருந்தது இரண்டே பேர்: டிரேக், ஒலிப்பதிவாளர் ஜான் வுட். ஒரு குரல், ஒரு கிட்டார். தலைப்புப் பாட்டில் மட்டும் பியானோவில் ஒரு சின்ன வரி பிறகு சேர்க்கப்பட்டது. ஆல்பம் முழுக்க மேலே பூசப்பட்டது அது ஒன்றுதான். பதினொரு பாடல்கள், மொத்தம் 28 நிமிடம். பதினொன்றில் ஒன்றான 'ஹார்ன்' வார்த்தையே இல்லாமல் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிகிற கிட்டார் துண்டு. 'நோ' (Know, 'தெரிந்துகொள்') பாட்டில் மொத்தமே நாலு வரி. மற்ற நேரமெல்லாம் கிட்டாரில் ஒரே ஒரு பிடி திரும்பத் திரும்ப, கூடவே ஒரு முனகல்.

1972 பிப்ரவரி 25 அன்று ஐலண்ட் நிறுவனம் அதை வெளியிட்டது. இப்போது விமர்சனங்களுக்கு வரலாம்.

எனக்கு மிகவும் சுவாரஸ்யமாகப் படுவது 'சவுண்ட்ஸ்' இதழில் ஜெர்ரி கில்பர்ட் எழுதியது. சாரம் இது: வழக்கமான டிரேக் குணங்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் 'பிரைட்டர் லேட்டர்' உயரத்தை எட்டவில்லை, இந்தப் பாட்டுகளுக்குப் பக்கவாத்தியம் வேண்டும், எந்த அலங்காரமும் இல்லாமல் தனியாக நிற்கும் அளவுக்கு அவற்றில் வலு இல்லை. கடைசியில் ஒரு குட்டு: மர்ம மனிதர் மாதிரி நடந்துகொள்வதை நிறுத்திவிட்டு, திரு. டிரேக் தன் காரியங்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது.

இன்று இதை எடுத்துப் போட்டுக் கில்பர்ட்டைக் கிண்டல் செய்வது சுலபம், பலர் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் அவர் யார் என்று பாருங்கள். டிரேக் வாழ்நாளில் அச்சில் வந்த ஒரே பேட்டியை எடுத்தவர் இதே கில்பர்ட்தான், 1971 மார்ச்சில், இதே இதழுக்காக. வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்த பேட்டி அது. இந்தப் பையன் மேலே வந்துவிடமாட்டானா என்று நினைத்த ஒருவருக்கு வருகிற எரிச்சலாகத்தான் எனக்கு அந்தக் குட்டு கேட்கிறது. 'உருப்படமாட்டான்' என்று சொல்லும் வாத்தியார் அநேகமாக அந்தப் பையனைத்தான் அதிகம் கவனித்திருப்பார், இல்லையா?

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. அதே பேட்டியில், அடுத்த ஆல்பத்தை ஜான் வுட்டோடு மட்டும் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று ஒரு யோசனை இருப்பதாக டிரேக் சொல்லியிருக்கிறார். அதாவது பக்கவாத்தியம் இல்லாத ஆல்பம் என்பது பதிவுக்குப் பல மாதங்களுக்கு முன்பே வெளியில் சொல்லப்பட்ட திட்டம், அதைக் குறித்துக்கொண்டவர் கில்பர்ட். ஒரு வருடம் கழித்து ஆல்பம் கைக்கு வந்தபோது, இது தெரிந்தே எடுத்த முடிவு என்று அவருக்குத் தோன்றவில்லை, ஏதோ வேலை பாதியில் நின்றுபோன மாதிரி தோன்றியிருக்கிறது.

'மெலடி மேக்கர்' இதழில் மார்க் பிளம்மர் எழுதியது வேறு மாதிரி. இந்த இசை அவ்வளவு அந்தரங்கமானது, அவ்வளவு கூச்சத்தோடு முன்வைக்கப்படுவது என்கிறார். கேட்கக் கேட்க நம்மை இழுக்கிறது, ஆனால் எந்நேரமும் நம்மிடமிருந்து ஒளிந்துகொண்டே இருக்கிறது என்கிறார். ஐம்பது வருடத்தில் இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் என்னால் படிக்க முடிந்தவரை படித்திருக்கிறேன். 'ஒளிந்துகொள்கிறது' என்பதைவிடச் சரியான சொல் கண்ணில் படவில்லை. பிளம்மர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்பது அவருக்கே தெளிவாக இல்லாத மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்ததே அந்தத் தயக்கம்தான்.

1974இல் 'ஜிக்ஜாக்' இதழில் கானர் மெக்நைட் எழுதியதும் முக்கியம், ஏனென்றால் அது டிரேக் உயிரோடு இருக்கும்போதே வந்தது. டிரேக் பாசாங்கே செய்யாத கலைஞர் என்கிறார். இசை என்றால் கவலையை மறக்க உதவ வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்த ஆல்பம் கொஞ்சமும் வளைந்துகொடுக்கவில்லை, அந்த நேரத்தில் ஒரு இசைக்கலைஞருக்கு வாழ்க்கை எப்படித் தெரிந்ததோ அதுதான் இது, இதற்கு மேல் யாரிடமும் கேட்க முடியாது என்கிறார். ஆக, இறந்த பிறகுதான் உலகம் கண்டுகொண்டது என்பதை அப்படியே ஏற்க முடியாது. கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். ஆள்தான் போதவில்லை.

கம்பெனியைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஐலண்டின் பத்திரிகைத் தொடர்பாளர் டேவ் சாண்டிசன் இந்த ஆல்பத்துக்காக எழுதிய அறிவிப்பு, விளம்பர உலகத்தில் ஒரு விசித்திரம். இப்படி ஒரு ஆல்பம் இருப்பதே அது முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும் என்று ஆரம்பிக்கிறார். டிரேக் இப்போது எங்கே குடியிருக்கிறார் என்பது எங்கள் ஆட்களுக்கே சரியாகத் தெரியாது என்கிறார். முதல் இரண்டு ஆல்பமும் விற்கவேயில்லை என்று, அச்சில் போடத் தயங்கும் ஒரு சொல்லைப் பயன்படுத்தி, ஒத்துக்கொள்கிறார். அப்படியிருந்தும் ஏன் வெளியிடுகிறோம்? விடாமல் வெளியிட்டால், என்றாவது ஒருநாள் சொல்வாக்கு உள்ள ஒருவர் நின்று, ஒழுங்காகக் கேட்டு, நாங்கள் சொன்னது சரி என்பார். சரக்கை விற்க வேண்டியவரே இது விற்காது என்று எழுதிக்கொடுத்த அறிவிப்பு வேறு எங்காவது உண்டா?

ஒரு பிரபலமான கதையும் சாண்டிசனிடமிருந்துதான் வந்தது. டிரேக் ஒருநாள் ஐலண்ட் அலுவலகத்துக்கு வந்து, யாரிடமும் பேசாமல், வரவேற்பு மேஜையில் ஒலிநாடாவை வைத்துவிட்டு மறைந்துபோனார் என்பார்கள். சாண்டிசன் சொன்ன மூலக்கதை இவ்வளவு நாடகமாக இல்லை. அவர் டிரேக்கைக் கீழே பார்த்திருக்கிறார், மேலே கூட்டிப் போயிருக்கிறார், இருவரும் தேநீர் குடித்திருக்கிறார்கள், அரைமணி நேரம் கழித்து டிரேக் கிளம்பியிருக்கிறார். அப்புறம்தான் வரவேற்பில் இருந்த பெண் கூப்பிட்டு, நிக் நாடாவை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார். கதை கைமாறக் கைமாற அந்தத் தேநீர்க் கோப்பை காணாமல் போனது. டிரேக்கைப் பற்றிய எழுத்தில் பாதி இப்படித்தான் நடந்திருக்கிறது. சாதாரணமாக இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நிழலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

1974 நவம்பர் 25 அன்று, பெற்றோர் வீட்டில், 26 வயதில் டிரேக் இறந்தார். மனச்சோர்வுக்காக அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த மருந்து அளவு மீறியிருந்தது. மரண விசாரணை அதிகாரி தற்கொலை என்று எழுதினார். நெருங்கியவர்களில் சிலர் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. அன்றிலிருந்து 'பிங்க் மூன்' வேறொரு ஆல்பமாக மாறிவிட்டது. ஒரு வரி கூட மாறவில்லை, ஆனால் எல்லோரும் அதை மரண வாக்குமூலமாகப் படிக்க ஆரம்பித்தார்கள். இளஞ்சிவப்பு நிலா வந்துகொண்டிருக்கிறது, யாரும் தப்ப முடியாது என்கிற தலைப்புப் பாட்டு அதற்கு ரொம்ப வசதியாக அமைந்தது.

கேள்வியின் இரண்டாவது பாதி இங்கேதான் வருகிறது. இந்த வாசிப்பில் எனக்கு மூன்று சிக்கல்கள். ஆல்பம் பதிவானது அவர் இறப்பதற்கு மூன்று வருடம் முன்பு. அதற்கப்புறம் 1974இல் திரும்பி வந்து புதிய பாட்டுகளையும் பதிவு செய்தார். பாடல்கள் எல்லாம் அந்த இருண்ட நாட்களில் எழுதப்பட்டவையும் இல்லை: 'திங்ஸ் பிஹைண்ட் தி சன்' முன்பே கையில் இருந்த பாட்டு, அதை இரண்டாவது ஆல்பத்திலேயே சேர்க்கச் சொல்லி ஜோ பாய்ட் கேட்டுப் பார்த்து, டிரேக் மறுத்தார். கடைசியாக, ஆல்பம் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். 'ஃப்ரம் தி மார்னிங்', விடியலைப் பற்றிய பாட்டு. விரல்கள் துள்ளுகின்றன, குரலில் ஒரு லேசான சிரிப்பு. வாக்குமூலம் எழுத உட்கார்ந்தவர் அதைக் கடைசியில் வைக்கமாட்டார். பிற்பாடு அதிலிருந்து ஒரு வரியை எடுத்துக் குடும்பத்தார் கல்லறையில் செதுக்கினார்கள். அதனால் அந்தப் பாட்டுக்கும் இப்போது துக்கச் சாயம் ஏறிவிட்டது.

நோயே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பதிவின்போதே அவர் சிகிச்சையில் இருந்தார், பேச்சு மிகவும் குறைந்திருந்தது. ஆனால் கையைக் கேளுங்கள். தலைப்புப் பாட்டுக்குக் கிட்டார் கம்பிகளை சி-ஜி-சி-எஃப்-சி-இ என்று சுருதி மாற்றி, இரண்டாவது கட்டையில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டிருக்கிறார். 'ரோடு' பாட்டில் வலதுகை விரல்கள் ஒரு கடிகாரம் மாதிரி ஓடுகின்றன, ஒரு தட்டுத்தடுமாற்றம் கிடையாது. கட்டைவிரல் கீழே ஒரு தாளம் போட, மற்ற விரல்கள் மேலே வேறு கணக்கில் போக, குரல் இரண்டிலும் சேராமல் சற்றுத் தாமதித்து வந்து உட்கார்கிறது. நொறுங்கிப்போன ஒருவர் இரண்டு இரவில் அழுது தீர்த்ததாகச் சொல்கிறவர்கள், அதை ஒருமுறை கிட்டாரில் வாசித்துப் பார்க்கட்டும். நான் ஆறு மாதம் முயன்றேன். இன்னும் 'ரோடு' வரவில்லை.

கில்பர்ட்டின் குறைக்குத் திரும்ப வருகிறேன், அதை நான் முழுதாகத் தள்ளிவிடத் தயாராக இல்லை. 'நோ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'உலகின் தலைசிறந்த ஆல்பங்கள்' பட்டியலில் இருப்பதால் நமக்கு அது ஆழமாகப் படுகிறதா, தனியாக யாரோ முகம் தெரியாதவர் பாடியதாக வந்தால் பொறுமையாகக் கேட்போமா? நேர்மையாகச் சொன்னால் எனக்குத் தெரியாது. 'ஃப்ரீ ரைடு', 'ஹார்வெஸ்ட் பிரீட்' இரண்டும் மற்றவற்றின் அருகில் கொஞ்சம் மெலிந்தவைதான். 1972இல் மேஜையில் வாரம் இருபது தட்டு வந்து விழும் விமர்சகருக்கு, முந்தைய வருடம் கரோல் கிங்கின் 'டேபஸ்ட்ரி', ஜோனி மிட்செலின் 'ப்ளூ' எல்லாம் கேட்டிருந்தவருக்கு, இது அரைகுறையாகப் பட்டதில் ஆச்சரியமில்லை. 'ப்ளூ'வும் அந்தரங்கமான, சோகமான ஆல்பம்தான். ஆனால் ஜோனி உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். யாரை நேசித்தார், எங்கே போனார், ஏன் வீடு திரும்ப ஆசை என்று எல்லாம் சொல்லிவிடுகிறார். டிரேக்கிடம் பெயர் இல்லை, ஊர் இல்லை, நடந்தது என்ன என்பதே இல்லை. தன்னைப் பற்றிப் பாடும் பாடகர் என்றால் தன் கதையைச் சொல்வார் என்று பழகியிருந்த காதுக்கு, கதையைச் சொல்லாத ஒருவரை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியவில்லை.

அப்புறம் மெல்ல மெல்ல நிலைமை மாறியது. தன் நிறுவனத்தை ஐலண்டுக்கு விற்றபோது, டிரேக்கின் ஆல்பங்களை விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்கவே கூடாது என்று ஜோ பாய்ட் நிபந்தனை போட்டிருந்தார். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நடந்தன. கடையில் கிடைக்காத தட்டுக்கு எந்த விமர்சகர் எவ்வளவு புகழ்மாலை சூட்டினாலும் பயனில்லை. 1979இல் மூன்று ஆல்பமும் சேர்ந்து 'ஃப்ரூட் ட்ரீ' பெட்டியாக வந்தது. எண்பதுகளில் தி க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித், ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக் போன்றவர்கள் பேட்டிகளில் அவர் பெயரைச் சொன்னார்கள். 1985இல் டிரீம் அகாடமி என்ற குழு தங்கள் வெற்றிப் பாட்டை அவருக்குக் காணிக்கையாக்கியது. 1997இல் பேட்ரிக் ஹம்ஃப்ரீஸ் வாழ்க்கை வரலாறு எழுதினார்.

பெரிய உதை கிடைத்தது கார் விளம்பரத்திலிருந்து. 1999இன் கடைசியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஃபோக்ஸ்வேகன் ஒரு விளம்பரம் ஓட்டியது. நிலா வெளிச்சத்தில் நான்கு இளைஞர்கள் கூரை திறந்த காரில் போகிறார்கள். ஒரு விருந்து நடக்கும் வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள், உள்ளே கூச்சல், ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், இறங்காமல் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். வசனம் கிடையாது, பின்னணியில் தலைப்புப் பாட்டு மட்டும். ஆல்பம் அமேசான் விற்பனை வரிசையில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. காரை விற்கப் பாட்டை விற்றார்கள் என்று சில ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கென்னவோ, அந்த ஒரு நிமிடப் படத்தை எடுத்தவர்கள் பாட்டைப் பல விமர்சகர்களைவிட நன்றாகவே கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதில் மரணம் இல்லை, பாழடைந்த அறை இல்லை. கூட்டத்துக்குள் போக மனம் வராத ஒரு இனிமையான தயக்கம்தான் இருக்கிறது. பிளம்மர் சொன்ன ஒளிந்துகொள்ளல், கிட்டத்தட்ட.

ஏறக்குறைய அதே சமயம், 2000இல், 'மோஜோ' இதழில் இயான் மெக்டொனால்ட் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் அந்தக் காலத்துக் கேம்பிரிட்ஜ்காரர். டிரேக்கை ஒரு நோயாளியாகப் பார்ப்பதை விட்டு, கவிஞர் வில்லியம் பிளேக்கைப் படித்தவராக, கீழைத்தேயத் தத்துவத்தில் தோய்ந்தவராகப் பாருங்கள் என்று வாதிட்டார். சில இடங்களில் கயிறு திரிக்கிறார். மூன்று வார்த்தை வரியிலிருந்து ஒரு உபநிடதத்தையே இறக்கிவிடுவார். ஆனால் பாட்டை மறுபடி பாட்டாகக் கேட்கவைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பங்குண்டு. 'ரோலிங் ஸ்டோன்' 2003இல் போட்ட 500 ஆல்பங்கள் பட்டியலில் 'பிங்க் மூன்' 320ஆம் இடத்தில் இருந்தது; 2020 பட்டியலில் 203.

நீங்கள் இனிமேல்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. 'பிங்க் மூன்' முடிந்ததும், 2013இல் வெளிவந்த மாலி டிரேக் பதிவுகளைக் கேளுங்கள். மாலி, நிக்கின் அம்மா. தானே பாட்டெழுதி, வீட்டுப் பியானோவில் தனியாக வாசித்துப் பாடுவார். ஐம்பதுகளில் கணவர் ராட்னி அதை வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார். அதே அடங்கிய குரல், அதே விலகி நிற்கும் சோகம், சட்டென்று முடிந்துவிடும் அதே சின்னப் பாட்டுகள். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வாத்தியம், கதவு சாத்திய அறை என்பது அந்த வீட்டில் பையன் சின்னதிலிருந்தே கேட்டு வளர்ந்தது. கில்பர்ட்டுக்கும் பிளம்மருக்கும் அந்த டேப்புகளைக் கேட்க வழியே இருந்திருக்கவில்லை.